கல்யாண வீடியோ வந்தாச்சு... பிரித்துப் பார்த்தீர்களா?



நம் அம்மா காலத்தில் கல்யாணம் என்றால் ஒரு கறுப்பு வெள்ளை ஆல்பம். பிறகு வீடியோ கேசட் வந்தது. அதற்கப்புறம் சி.டி., டி.வி.டி. எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பெட்டிக்குள் செருகினால் படம் ஓடும். இப்போதோ மண்டபக் கணக்கெல்லாம் தீர்த்து இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகு வாட்ஸ்அப்பில் நீல நிறத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. "மேடம், வீடியோ அனுப்பியாச்சு. டவுன்லோட் பண்ணிக்கோங்க."

அதைத் தொட்டால் என்ன வருகிறது? மாப்பிள்ளையுமில்லை, பெண்ணுமில்லை. ஸிப் என்று முடிகிற ஏதோ ஒரு பெயர். ஒன்றில்லை, நாலைந்து! தொட்டால் திறக்க மாட்டேன் என்கிறது. திறந்தாலும் படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் வராது. "சாயங்காலம் பிள்ளை வரட்டும், கேட்டுக்கலாம்" என்று ஒத்திப் போடுகிறோம். பிள்ளைக்கு ஆயிரம் வேலை. அந்தச் சாயங்காலம் வருவதே இல்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ப்ளஸ் டூவோடு சரி. ஆனாலும் சொல்கிறேன், இது அதிரசப் பாகு பதம் பார்ப்பதைவிடச் சுலபமான வேலைதான். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும். புரிந்துகொள்ளாமல் விட்டால் நஷ்டம் இரண்டு வகையில் வரலாம். ஒன்று, இனிமேல் கிடைக்கவே கிடைக்காத படங்கள் போய்விடும். இன்னொன்று, வீடியோ என்று நினைத்து வேறெதையோ திறந்து, பாங்கில் இருக்கிற பணம் போய்விடும். இரண்டையும் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மூட்டை கட்டுவது எதற்கு?

ஸிப் என்பது ஒரு மூட்டை, அவ்வளவுதான். சீர்வரிசைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாவற்றையும் வைத்து ஒரே தாம்பாளமாகக் கொடுக்கிறோமே, அது மாதிரி ஐந்நூறு போட்டோவும் பத்து வீடியோவும் சேர்த்து ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

கட்டுவதோடு நிற்காமல், இடத்தை மிச்சம் பிடிக்க அழுத்தவும் செய்கிறார்கள். அது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? மளிகைக் கடைக் கணக்கில் "துவரம்பருப்பு" என்று ஒரு தடவை எழுதிவிட்டு, அடுத்த வரியில் "மேற்படி" என்று போடுகிறோமே, அதேதான்! திரும்பத் திரும்ப வருகிற சமாசாரத்தை மறுபடி முழுதாக எழுதாமல், "முன்னால் இந்த இடத்தில் வந்ததே, அதையே வைத்துக்கொள்" என்று ஒரு சின்னக் குறிப்பாக எழுதிவிடுகிறது கம்ப்யூட்டர். இந்த வழியை 1977-ல் ஆப்ரஹாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். ஸிப் மூட்டையை உலகத்துக்குக் கொடுத்தவர் பில் காட்ஸ் என்ற அமெரிக்கர். வருஷம் 1989. ரார் என்று இன்னொரு மூட்டை உண்டு. அது 1993-ல் யூஜீன் ரோஷல் என்ற ரஷ்யக்காரர் கட்டியது. ரார் என்ற பெயரின் முதல் எழுத்தே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான்.

"அழுத்தினால் படம் கெட்டுப் போகாதா?" என்று ஒரு சகோதரி கேட்டார். ஸிப்பில் கெடாது. "மேற்படி" என்பதைப் பிரித்துப் பழையபடி எழுதினால் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் கிடைக்கும்.

ஆனால், வீடியோவின் கதை வேறு. முழு ஹெச்.டி. படத்தில் ஒரு காட்சிக்கு 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். வினாடிக்கு 25 காட்சிகள். இதை அப்படியே அழுத்தாமல் எழுதினால் ஒரு மணி நேரப் படத்துக்கே 500 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டும்! அதனால் காமிராவிலேயே அழுத்தித்தான் பதிகிறார்கள். மண்டபத்துச் சுவரும் வாழை மரமும் அசைவதில்லை அல்லவா? அதற்கு "மேற்படி" போட்டுவிட்டு, அசைகிற கையையும் முகத்தையும் மட்டும் எழுதுகிறார்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களை எடுத்தும் விடுகிறார்கள். இப்படி வினாடிக்கு 8 மெகாபிட் கணக்கில் பதிந்த ஒரு மணி நேரப் படம் சுமார் 3.6 ஜி.பி.க்குள் அடங்கிவிடுகிறது.

இதில் எடுத்துவிட்டது எடுத்துவிட்டதுதான், திரும்பி வராது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போது அது இன்னொரு தடவை அழுத்துகிறது. அதனால்தான் அத்தைக்கு அனுப்பிய படத்தில் பெண்ணின் முகம் மங்கலாக இருக்கிறது. தரம் குறையாமல் அனுப்ப வேண்டுமானால் "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை அப்படியே போகும்.

ஏற்கெனவே அழுத்திய வீடியோவை ஸிப்பில் போட்டால் மேற்கொண்டு சுருங்காது. பிழிந்த துணியை மறுபடி பிழிகிற கதைதான். ஆகவே, மூட்டை எட்டு ஜி.பி. என்றால் பிரித்தாலும் ஏறக்குறைய எட்டு ஜி.பி.தான் வரும். இதை நினைவில் வையுங்கள், அடுத்த வேலைக்கு இது வேண்டும்.

பிரிக்கும் முன் இடம் பாருங்கள்

அரிசி மூட்டையைப் பிரிக்கும் முன் டிரம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டோமா? மூன்று மணி நேர வீடியோ மேலே சொன்ன கணக்கில் சுமார் 11 ஜி.பி. மூட்டைக்கு 11, பிரித்ததற்கு 11, ஆக 22 ஜி.பி. காலி இடம் வேண்டும். பாதிப் பேருடைய போனில் குட்மார்னிங் படங்களே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்! முதலில் அவற்றைக் கூட்டித் தள்ளுங்கள். கல்யாணம் மாதிரி பெரிய மூட்டைகளுக்கு வீட்டில் லாப்டாப் இருந்தால் அதுதான் சௌகரியம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸிப் மூட்டையின் மேல் மௌஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" என்பதைத் தொடுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும், இடத்தைக் காட்டுங்கள். அவ்வளவுதான். 2001-ல் வந்த எக்ஸ்.பி. காலத்திலிருந்தே இந்த வசதி கூடவே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

சிலர் மூட்டையை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்து, அங்கேயே வீடியோவை ஓட்டப் பார்ப்பார்கள். சன்னல் வழியாகக் கையை விட்டு மூட்டையில் துழாவுகிற மாதிரிதான் அது. படம் திக்கும், நின்று போகும். முழுசாக வெளியில் எடுத்த பிறகு பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் "ஃபைல்ஸ்" என்ற ஆப்பைத் திறந்து, டவுன்லோட் பகுதியில் இருக்கும் ஸிப்பைத் தொட்டால் "எக்ஸ்ட்ராக்ட்" என்று கேட்கும். ஐபோனில் "ஃபைல்ஸ்" ஆப்பில் மூட்டையைத் தொட்டாலே பக்கத்தில் ஒரு ஃபோல்டராகப் பிரிந்து நிற்கும்.

ரார், 7-ஸிப் மூட்டைகளை விண்டோஸ் 11 மட்டும் 2023-லிருந்து தானாகவே பிரிக்கிறது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் 7-ஸிப் என்ற இலவசக் கருவியைப் போட்டுக்கொள்ளலாம். 1999-லிருந்து இகோர் பாவ்லோவ் என்பவர் காசு வாங்காமல் கொடுத்து வருகிறார். 7-ஸிப் டாட் ஆர்க் என்பதுதான் அதன் சரியான விலாசம். அதே பெயரில் போலிக் கடைகளும் உண்டு, விலாசத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

நாலைந்து மூட்டையாக வந்தால்?

இங்கேதான் பல பேர் குழம்புகிறார்கள். இரண்டு விதம் இருக்கிறது.

முதல் விதம்: கூகுள் டிரைவிலிருந்து ஒரு பெரிய ஃபோல்டரை எடுத்தால், அது சுமார் 2 ஜி.பி. அளவில் தனித்தனி மூட்டைகளாகக் கட்டித் தரும். பெயரின் கடைசியில் 001, 002 என்று இருக்கும். ஒவ்வொன்றும் தனி மூட்டை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். முகூர்த்தம் ஒன்றில் இருக்கும், ரிசப்ஷன் இன்னொன்றில் இருக்கும். சில சமயம் ரொம்பப் பெரிய வீடியோ மூட்டைக்குள் வராமல் தனியாக இறங்கியிருக்கும், அதையும் தேடி எடுங்கள்.

இரண்டாவது விதம்: பார்ட் 1, பார்ட் 2 என்று பெயர் போட்டு வருகிற ரார் மூட்டைகள். இது ஒரே புடவையை நாலு துண்டாக வெட்டி நாலு பையில் போட்ட மாதிரி. எல்லாப் பையும் வந்தால்தான் புடவை. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டு, முதல் துண்டை மட்டும் பிரியுங்கள். மற்றதை அதுவே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். நடுவில் ஒன்று குறைந்தாலும் பாதியில் நின்றுவிடும். பெயர்களையும் மாற்றக் கூடாது.

"ஃபைல் கெட்டுப் போயிருக்கிறது" என்று கம்ப்யூட்டர் சொன்னால் பதற வேண்டாம். முக்கால்வாசி நேரம் இறக்கும்போது நடுவில் நெட் போயிருக்கும், கரண்ட் போயிருக்கும். அனுப்பிய இடத்தில் எவ்வளவு எம்.பி. என்று போட்டிருக்கிறது, நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் மறுபடி இறக்குங்கள். ஆனால் மறுபடி இறக்க வேண்டுமானால் அந்த லிங்க் உயிரோடு இருக்க வேண்டுமே!

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. பெண்ணுக்குக் கல்யாணமாகி, வீடியோ மூன்று மூட்டையாக வந்தது. இறக்கி, பென் டிரைவில் போட்டு, பீரோவில் நகையோடு நகையாக வைத்துப் பூட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து, பெண் பிரசவத்துக்கு வந்தபோது எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எடுத்தார்கள். இரண்டு மூட்டை பிரிந்தது. மூன்றாவது அரைகுறையாக இறங்கியது என்று அப்போதுதான் தெரிந்தது. லிங்க் எப்போதோ மூடியாகிவிட்டது. ஸ்டூடியோவில் கேட்டால், "அந்த டிஸ்கை அழிச்சு வேற கல்யாணம் ஏத்திட்டோம்மா" என்றார்களாம். அந்த மூன்றாவது மூட்டையில்தான் ஊஞ்சல் இருந்தது. பெண்ணின் பாட்டி எண்பத்திரண்டு வயசில் நின்றுகொண்டே லாலி பாடினது அதில்தான் இருந்தது. பாட்டி மாசி மாசம் தவறிவிட்டார். அந்தக் குரல் இனி எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்?

ஸ்கேன் மூட்டையும் உண்டு

எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் இப்போது சில இடங்களில் ஃபிலிமோடு ஒரு டிஸ்க்கோ லிங்க்கோ தருகிறார்கள். அதைப் பிரித்தால் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும். சிலவற்றுக்குப் பெயர்கூடச் சரியாக இருக்காது. "என்னமோ குப்பை" என்று எதையும் அழித்துவிடாதீர்கள். அவை டைகாம் என்ற வகைப் படங்கள், ஒவ்வொன்றும் உடம்பின் ஒரு மெல்லிய குறுக்குத் துண்டு. வெங்காயத்தை வட்டம் வட்டமாக நறுக்கி வரிசையாக வைத்தது மாதிரி. எல்லாம் சேர்ந்தால்தான் டாக்டருக்குப் பிரயோஜனம். அதனால் டிஸ்க்கையோ மூட்டையையோ முழுசாக அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கும்போது, மறுபடி ஸ்கேன் எடுக்கிற செலவும் அலைச்சலும் இதனால் மிச்சமாகலாம்.

பிரிந்தது, ஆனால் ஓடவில்லையே!

வீடியோ ஃபைல் ஒரு டிபன் காரியர். மேல் அடுக்கில் படம், கீழ் அடுக்கில் சத்தம், இன்னொன்றில் எழுத்து. எம்.பி.4, எம்.கே.வி. என்று பெயருக்குப் பின்னால் வருவது காரியரின் பெயர்தான். எம்.கே.வி. என்பதன் முழுப் பெயர் மட்ரோஷ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குகிற ரஷ்ய மரப் பொம்மையை நினைத்து 2002-ல் வைத்த பெயர். பொருத்தமாக இருக்கிறதல்லவா?

காரியரைத் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பதார்த்தம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். படத்தை எந்த முறையில் அழுத்தியிருக்கிறார்களோ, அதே முறையில் பிரிக்கத் தெரிந்த கருவி வேண்டும். அதைத்தான் கோடெக் என்கிறார்கள். 2003-ல் வந்த எச்.264 முறை எல்லா டி.வி.க்கும் போனுக்கும் பழக்கம். 2013-ல் வந்த எச்.265 முறையில் ஏறக்குறைய பாதி இடத்திலேயே அதே தரம் கிடைக்கும். ஆனால் பழைய டி.வி.க்களுக்கு அது தெரியாது. சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு என்றால் அநேகமாக இதுதான் காரணம். படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் சத்தத்தை வேறு முறையில் அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டி.வி.யைத் தட்டிப் பிரயோஜனமில்லை!

சில பேர் எம்.கே.வி. என்ற பெயரை அழித்து எம்.பி.4 என்று எழுதிவிட்டு ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். உப்பு ஜாடியில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் இனிக்குமா?

இதற்கு நல்ல மருந்து வி.எல்.சி. என்ற இலவசக் கருவி. சாலை வேலை நடக்கும் இடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கூம்பு வைப்பார்களே, அதுதான் அதன் படம். 1996-ல் பாரிஸில் ஒரு எஞ்சினியரிங் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த வேலை இது. 2001-லிருந்து உலகத்துக்கே பொதுச் சொத்தாக இருக்கிறது. வேண்டிய கோடெக்குகளெல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் அநேகமாக எந்த வீடியோவும் ஓடிவிடும். 2022-ல் சில மாதங்கள் நம் நாட்டில் அதன் தளத்தை முடக்கி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் திறந்துவிட்டார்கள். போனுக்கு ப்ளே ஸ்டோரில் கிடைக்கும். கம்ப்யூட்டருக்கு வீடியோலேன் டாட் ஆர்க். ஆண்ட்ராய்டு டி.வி.யிலும் போட்டுக்கொள்ளலாம்.

பென் டிரைவில் ஏற்றும்போது, "ஃபைல் ரொம்பப் பெரிசு" என்று கம்ப்யூட்டர் சொல்லும். டிரைவில் 30 ஜி.பி. காலி இருக்கும், 5 ஜி.பி. வீடியோ ஏறாது. டிரைவின் உள் அமைப்பு ஃபேட் 32 என்ற பழைய முறையாக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போகக் கூடாது என்பது அதன் விதி. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உங்கள் டி.வி. எக்ஸ்ஃபேட்டை ஏற்குமா என்று கூட வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்டூடியோக்காரரிடமே, "4 ஜி.பி.க்குள் இரண்டு பாகமாக, எச்.264-ல் கொடுங்க தம்பி" என்று கேட்டுவிடலாம். இப்படிக் கேட்டுப் பாருங்கள், நம்மை நிமிர்ந்து பார்ப்பார்!

வீடியோ வேஷத்தில் வரும் திருடன்

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

உண்மையான வீடியோ நம்மிடம் எதையும் கேட்காது. "என்னை இன்ஸ்டால் பண்ணு" என்று சொல்லாது. எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்காது. பாங்க் கார்டு நம்பர் கேட்காது. கேட்டால் அது வீடியோ இல்லை.

கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2024-ல் ஹிமாசலப் பிரதேசப் போலீஸார் எச்சரிக்கை விட்டார்கள். ஏ.பி.கே. என்பது பத்திரிகையுமில்லை, படமுமில்லை. அது ஆண்ட்ராய்டு போனில் புதிதாக ஒரு ஆப்பைப் பதிக்கிற சாமான். பதித்து, அது கேட்கிற அனுமதிக்கெல்லாம் சரி சரி என்று தட்டினால், போனுக்கு வருகிற ஓ.டி.பி. நம்பரை அதுவே படித்து எங்கோ இருப்பவனுக்கு அனுப்பிவிடும். அப்புறம் பாங்கில் மிச்சம் என்ன இருக்கும்? தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம். அவருடைய போனையே முதலில் பிடித்திருக்கலாம். "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

கம்ப்யூட்டரில் இந்த வேஷம் இ.எக்ஸ்.இ. என்ற பெயரில் வரும். "ஊஞ்சல் எம்.பி.4 இ.எக்ஸ்.இ." என்று பெயர் வைத்திருப்பார்கள். விண்டோஸ் வழக்கமாகக் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். நம் கண்ணுக்கு எம்.பி.4 வரைதான் தெரியும், வீடியோ என்று தட்டிவிடுவோம். அதனால் ஃபோல்டரைத் திறந்து, மேலே "வியூ" என்ற பகுதிக்குப் போய், ஃபைல் பெயரின் வால் தெரிகிற மாதிரி ஒரு தடவை மாற்றி வைத்துவிடுங்கள். வால் தெரிந்தால் குரங்கா, குதிரையா என்று தெரிந்துவிடும்!

"இந்தப் படம் ஓட கோடெக் இறக்கணும், இங்கே அழுத்து" என்று வீடியோவே சொன்னால் மூடிவிடுங்கள். வி.எல்.சி.யில் ஓடாத படத்துக்காக வேறெதையும் தேடி ஓட வேண்டாம். கேட்காமல் வந்த மூட்டைக்குப் பாஸ்வேர்டும் கூடவே வந்தால் இன்னும் ஜாக்கிரதை. பூட்டிய மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று வைரஸ் தடுப்புக் கருவியால் பார்க்க முடியாது, அதற்காகவே பூட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. நேற்று வந்த சினிமாவை மூட்டையாகத் தருகிறேன் என்கிற தளங்களும் இதே ரகம். படம் திருட்டு, கூட வருவதும் திருட்டு.

மூட்டை பிரிக்கிற கருவியும் பழசாக இருக்கக் கூடாது. வின்ரார் என்ற கருவியில் ஒரு ஓட்டை இருந்தது 2023-ல் தெரிய வந்தது. மூட்டைக்குள் இருக்கும் சாதாரணப் படத்தைத் தொட்டாலே திருட்டு வேலை ஓடும்படி செய்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கருவி தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை, நாம்தான் புதுசு போட வேண்டும்.

யாராவது தெரியாமல் ஏ.பி.கே.யைப் பதித்துவிட்டால், திட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. உடனே அந்தப் போனின் நெட்டை நிறுத்துங்கள், ஃப்ளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து பாங்குக்குப் பேசிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். பண மோசடிக்காகவே மத்திய அரசு வைத்திருக்கும் நம்பர் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. வயசான மாமியாரோ மாமனாரோ இதில் சிக்கினால், பயந்து மறைத்துவிடாமல் நம்மிடம் சொல்கிற மாதிரி வீட்டில் பழக்கம் இருக்க வேண்டும். அதட்டுகிற வீட்டில்தான் பணம் அதிகம் போகும்.

ஒரு நாள் வேலை, ஆயுசுக்கும் நிம்மதி

வீடியோ வந்த அன்றைக்கே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமையலறைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. லிங்க் எத்தனை நாள் இருக்கும், ஒரிஜினலை எத்தனை மாசம் வைத்திருப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். முடிந்தால், கடைசித் தவணைப் பணத்தை எல்லாம் திறந்து பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

2. நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் இறக்குங்கள். எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் எத்தனை எம்.பி. என்று ஒரு காகிதத்தில் எழுதி, சலவைக் கணக்கு மாதிரி சரி பாருங்கள்.

3. எல்லாவற்றையும் பிரியுங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு எல்லாம் இருக்கிறதா, பெரியவர்கள் இருக்கிற இடங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. அது முடிகிற வரை மூட்டையை அழிக்காதீர்கள்.

5. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று பிறந்த வீட்டிலோ பெண் வீட்டிலோ இருக்கட்டும். ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் அது ஒரு பிரதிதான். வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாண நாளன்றைக்கு, எடுத்து ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவும் கெட்டுப் போகிற சாமான்தான்.

குழந்தை தவழ்ந்ததும், முதல் தடவை "அம்மா" என்றதும், தாத்தா மடியில் காது குத்தியதும் எல்லாமே இன்று இப்படி ஏதோ ஒரு மூட்டைக்குள்தான் இருக்கின்றன. ஊறுகாய் ஜாடியை வாரம் ஒரு தடவை கிளறிப் பார்க்கிற நமக்கு இதைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியமா? உங்கள் போனில் பிரிக்காமல் கிடக்கும் மூட்டை எத்தனை என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.